மனப்பாடமும் மனோதர்மமும்

பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் பன்முறை காணப்படும் காட்சி ஒன்றுண்டு. அரசன் வேடம் பூண்ட மாணவன் கணீரென்று பேசுகின்றான். அமைச்சன் விடை பகர்கின்றான். நடுவில் அமைச்சனுக்கு ஓரடி மறந்துவிடுகின்றது. அவ்வளவில் நாடகம் நின்றுபோகின்றது. அரசனுக்குத் தன் வசனம் முழுதும் தெரியும். ஆயினும் அமைச்சன் வாயினின்று வரவேண்டிய கடைசிச் சொல் வாராமையின் அவனும் வாய் திறவான். இருவரும் சபையோரை நோக்கி நிற்பர். திரைமறைவிலிருந்து ஆசிரியர் எடுத்துக்கொடுக்கும் குரலே கடைசி வரிசை வரையில் தெளிவாகக் கேட்கும்.

இதனை நினைவாற்றலின் குறை என்று பலர் கருதுவர். யாம் அங்ஙனம் கருதோம். அரசனாக நின்றவன் தன் பகுதியைப் பிழையறக் கற்றவனே. அவன் கல்லாதது கேட்டல். அமைச்சன் கூறுவது யாது என்பதில் அவன் மனம் செல்லவில்லை. தன் முறை எப்பொழுது வரும் என்பதிலேயே சென்றது. குரலை எழுப்பவும், மேடையில் நிற்கவும், பாடத்தை ஒப்பிக்கவும் முன்னரே பழகிவிட்ட மேல்வகுப்பு மாணவர்க்கு அடுத்தபடியாகக் கற்பிக்கத் தக்கது இக்கேட்டலே. இதனைக் கற்பித்தற்கு மனோதர்மப் பயிற்சியினும் சிறந்த வழி யாம் அறிந்தவரை வேறில்லை.

மனோதர்மம் என்னும் சொல்லைச் சங்கீத வித்துவான்கள் நன்கறிவர். முன்னரே இயற்றப்பெற்ற கீர்த்தனம் கல்பிதம். ஆலாபனையும் நிரவலும் கற்பனாஸ்வரமும் அவ்வப்போது உள்ளத்தில் எழுவன. புலவர்களை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நால்வகையாகப் பகுத்த நம் முன்னோர், கொடுத்த பொருளின்மேல் நின்ற நிலையிலே பாடும் ஆசுகவியை முதலில் வைத்தெண்ணினர். நாடகத்தில் எழுதிய வசனமின்றி அப்போதைக்கப்போது பேசி நடித்தலை ஆங்கிலத்தார் இம்ப்ரொவைசேஷன் என்பர். இதனை மேனாட்டார் நமக்குக் காட்டிய புதுமை என்று நம் ஆசிரியரிற் சிலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் தம் ஊர்த் திருவிழாவில் ஓரிரவு கண்விழித்திருப்பின் அவ்வெண்ணம் நீங்கும்.

ஆலங்குளம் என்னும் பெயருடைய ஊர்கள் பல. ஈண்டு யாம் குறிப்பது இராஜபாளையத்துக்குத் தென்கிழக்கே, வெம்பக்கோட்டை வட்டத்துக் கரிசல் நிலத்தில் உள்ளது. சுண்ணாம்புக்கல் கிடைத்தமையின் அரசினர் சிமெண்டு ஆலை நிறுவிய ஊர். அங்கும், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் அம்மன் கொடைக்கும் பொங்கலுக்கும் நடத்தப்படுவனவற்றுள் ஒன்று ஸ்பெஷல் நாடகம். பெயர் ஆங்கிலமாயினும் பொருள் முற்றிலும் நம்முடையது. இதற்கு நிலையான கம்பெனி இல்லை, நாடக ஆசிரியர் உடனிருந்து நடத்துவதில்லை, ஒத்திகையும் இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரினின்றும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரினின்றும், பபூன் மற்றோர் ஊரினின்றும் தனித்தனியே பேசி அமர்த்தப்படுவர். ஹார்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் அவ்வாறே. அன்றிரவு வேடம் போடுமிடத்தில்தான் ஒருவரையொருவர் காண்பர். சில வேளைகளில் அப்போதுதான் முதன்முதலாகக் காண்பர். இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியுமளவும் நாடகம் நடைபெறும். ஒருவரும் வாய்மூடி நிற்பதில்லை.

இஃது எங்ஙனம் இயலும்? இதற்கு விடை காண்பதே நம் ஆராய்ச்சி. விடை நாம் எதிர்பாராத இடத்தில் இருக்கின்றது. அந்நடிகர் அனைவர்க்கும் பொதுவாக ஒரு பெரும் பாடம் மனத்தில் நிற்கின்றது. அப்பாடத்தை வகுத்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். இளமையில் மேடையேறி எமனாகவும் சனீசுவரனாகவும் இரணியனாகவும் நடித்துப் பின்னர் நாடக ஆசிரியரானார். வெண்பாவும் விருத்தமும் கீர்த்தனமும் வசனமும் கலந்த அவருடைய நாடகங்கள் தென்னாடெங்கும் பரவின. சிறுவரைக் குருகுலம்போல் ஒருங்கே வைத்துப் பயிற்றுவித்த பாலர் சபைகளுள் சுவாமிகள் 1918-இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தலைசிறந்தது. ஆறு வயதுச் சிறுவராயிருந்த தி. க. சண்முகமும் அவர்தம் உடன்பிறந்தாரும் அவ்வாண்டிலேயே அதிற் சேர்ந்தனர். 1922-இல் சுவாமிகள் புதுச்சேரியில் மறைந்தார். சபைகள் பிரிந்தும் கலைந்தும் போயின. ஆனால், கற்றவர் நெஞ்சில் பாட்டும் காட்சி முறையும் எஞ்சி நின்றன. அங்ஙனம் எஞ்சிய பாடமே ஸ்பெஷல் நடிகரின் பொதுச்சொத்து. இன்றும் அவர்கள் சுவாமிகளுக்கு ஆண்டுதோறும் குருபூசை நடத்துகின்றனர்.

மேடையின் கட்டற்ற பேச்சுக்கு ஒழுங்கு தருவதற்கென எழுதப்பட்ட நாடகங்களே பிற்காலத்தில் கட்டற்ற பேச்சுக்கு ஆதாரமாயின என்பது வியப்புக்குரியதன்றோ? எந்தப் பாட்டுக்குப்பின் எவர் வருவார், எந்த இராகத்தில் எக்காட்சி தொடங்கும், எச்செய்தி வந்தால் காட்சி முடியும் என்பன எல்லார்க்கும் தெரியும். இவை தெரிந்திருத்தலினாலேயே இடைப்பட்ட இடத்தில் அச்சமின்றிப் பேசுகின்றனர். கரை இரண்டும் உறுதியாக இருப்பின் ஆற்றுநீர் எவ்வளவு விரைந்தோடினும் ஊர் அழியாது. ஆகவே மனப்பாடமும் மனோதர்மமும் பகைகள் என்று மாணவர்க்குச் சொல்லிக்கொடுப்பது பிழை. மனப்பாடம் ஆழ்ந்தவன் மனத்திலேதான் மனோதர்மத்துக்கு இடம் உண்டாகின்றது.

வள்ளி திருமணத்தை எடுத்துக்கொள்வோம். அம்மேடைகளில் மிகுதியாக நடிக்கப்படுவது அதுவே. 1920-களில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இணைந்து நடித்துப் பெரும்புகழ் பெற்றதும் அதில்தான். தினைப்புனங் காக்கும் வள்ளியிடம் நாரதர் வந்து தர்க்கம் செய்வார். பின்னர் முருகன் வேடனாகி, மானைத் தேடி வந்ததாகச் சொல்லித் தர்க்கம் செய்வான். அதன்பின் விருத்தனாகி வருவான். இத்தர்க்கங்களிலே பாட்டு எழுதப்பட்டது. பேச்சு பெரும்பாலும் எழுதப்படாதது. வேடன் ஒரு கேள்வி விடுப்பான். வள்ளி அதனையே மடக்கி அவன்மேல் எறிவாள். புராணமும் விடுகதையும் அன்றைய ஊர்ச் செய்தியும் அதனுள் வரும். ஆட்டம் வல்லாரிடையே நிகழ்ந்தால் ஒரு நாழிகையும் செல்லும், இரண்டு நாழிகையும் செல்லும். ஆயினும் முடிவில் விநாயகர் யானையாக வருதல் வேண்டும். வள்ளி அஞ்சி ஓடிவந்து கிழவனைப் பற்றிக்கொள்ளுதல் வேண்டும். அதனை மாற்ற ஒருவர்க்கும் உரிமையில்லை. வழி அவரவர் விருப்பம். யானை மட்டும் வந்தே தீரும்.

இம்முறையினின்று பள்ளிக்கு எடுத்துக்கொள்ளத் தக்க பாடங்கள் சிலவற்றை இனிக் கூறுதும். இவற்றை ஆண்டு முழுதும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் நடத்தினால் போதும்.

முதற்பாடம் அந்தாதி. ஓரடியின் ஈறு அடுத்த அடியின் முதலாக வருவது அந்தாதி என்பதை மாணவர் இலக்கண வகுப்பில் படித்திருப்பர். இருவரை எதிரெதிர் நிறுத்தி, ஒருவன் பேச்சின் கடைசிச் சொல்லையே மற்றவன் தன் பேச்சின் முதற்சொல்லாகக் கொள்ளவேண்டும் என விதிக்க. ஒருத்தி, ‘ஆத்தா இன்னும் சந்தையிலிருந்து வரவில்லை’ என்றால், மற்றவள் ‘வரவில்லை என்று எத்தனை முறைதான் வாசலைப் பார்ப்பாய்’ என்று தொடங்கலாம். தொடக்கத்தில் சிரிப்பும் தடுமாற்றமும் மிகும். நாலாம் வாரத்தில் ஒரு மாறுதல் காணப்படும்: எதிரில் நிற்பவர் வாக்கியத்தை முடிக்குமுன் தன் விடையைச் சமைத்துவைக்கும் பழக்கம் ஒழிந்துபோகும். கடைசிச் சொல் இன்னதென்று அறியாதவன் முன்கூட்டியே விடை கட்டுதல் எங்ஙனம்? அதன்பின் விதியைத் தளர்த்தி, சொல்லுக்குப் பதிலாகப் பொருளைத் தொடரச் செய்க. இஃதொன்றே மேற்கூறிய அரசனையும் அமைச்சனையும் காப்பாற்றப் போதியது.

இரண்டாவது, காட்சிக்குச் சட்டகம் தருதல். ‘ஏதாவது நடித்துக் காட்டுங்கள்’ என்று மாணவரை மேடைமேல் ஏற்றிவிடும் ஆசிரியர் அவர்களுக்கு உரிமை கொடுத்ததாக நினைக்கின்றார். உண்மையில் இருட்டறையில் விட்டவராகின்றார். அவர்களும் கைக்கு எட்டியதைப் பற்றிக்கொள்வர். கைக்கு எட்டுவது சினிமா வசனம். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்திலுள்ள உயிரும் பொருளும் கருப்பொருள் என்றும், அவற்றிடையே தோன்றும் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் வகுத்தார். நாடகம் பயிற்றுவோனுக்கு இதனினும் ஏற்ற சட்டகம் இல்லை. முதலும் கருவும் ஆசிரியர் தரவேண்டும். உரிப்பொருள் நடிப்பவரிடையே தானே தோன்றவேண்டும். எடுத்துக்காட்டாக, ஆலங்குளத்துப் பேருந்து நிறுத்தம், விடியற்கு முன் ஐந்து மணி. வேலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன், தூக்குவாளி, ஒரு பள்ளிப் புத்தகப்பை. இவ்வளவே தந்து நிறுத்திவிடுக. தமக்கை வேலைக்குச் செல்கின்றாளா, படிப்பை விட்ட தங்கை செல்கின்றாளா, புத்தகப்பை எவருடையது என்பனவெல்லாம் அவர்கள் பேசிப்பேசிக் கண்டடைவர். ‘சோகமாக நடி’ என்று ஆசிரியர் உரிப்பொருளை முன்னரே சொல்லிவிடின் தூக்குவாளியை எவரும் பாரார், எல்லாரும் அழுவர்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. அப்பக்கத்துக் குடும்பங்கள் பல பட்டாசுத் தொழிலாலும் தீப்பெட்டித் தொழிலாலும் பிழைப்பவை. வெடிவிபத்தில் உற்றாரை இழந்த பிள்ளைகள் வகுப்பில் இருத்தல் கூடும். உண்மை உணர்ச்சி வேண்டும் என்னும் ஆசையால் அவர்தம் வீட்டுத் துயரை மேடைமேல் இழுப்பது கொடுமை. நடிப்பவன் தானாகவே கொண்டுவந்தாலன்றி ஆசிரியர் அதனைக் கேட்டல் கூடாது. கொண்டுவந்தாலும் காட்சி முடிந்தவுடன் கைதட்டச் செய்யாமல் அமைதியாக அடுத்ததற்குச் செல்லுதல் நன்று. எந்த மாணவனும் எந்தக் காட்சியையும் காரணம் கூறாமலே மறுக்கலாம் என்பதை முதல் நாளிலேயே விதியாக்கிவிடுக.

மூன்றாவது பாடம் தமிழுக்கே சிறப்பாக வாய்த்தது. இங்கிலாந்தில் நடிகரைப் பயிற்றிய கீத் ஜான்ஸ்டன் என்பார் 1979-இல் வெளியிட்ட ‘இம்ப்ரோ’ என்னும் நூலில், மேடையில் இருவர் பேசும்போது ஒருவர் நிலை உயர்வதும் மற்றவர் நிலை தாழ்வதுமே காட்சிக்கு உயிர் என்று விரிவாகக் காட்டினார். அவர் மொழியில் முன்னிலைக்கு வழக்கிலுள்ள சொல் ஒன்றே. ஆதலால் நிற்கும் முறையாலும் பார்க்கும் முறையாலும் இதனை விளக்கவேண்டியதாயிற்று. நமக்கோ நீ, நீர், நீங்கள் என மூன்றுண்டு. வினைமுற்று ஒவ்வொன்றும் நிலையைக் காட்டிக்கொடுக்கும். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் கடைவாசலில் சந்திப்பதாகக் காட்சி அமைக்க. ‘வாங்க அண்ணாச்சி’ என்று தொடங்கட்டும். பின்னர் ‘அண்ணாச்சி’ உதிரட்டும். ‘வாங்க’ என்பது ‘வாரும்’ ஆகட்டும். இறுதியில் ‘வா’ என நிற்கட்டும். எந்தச் சொல்லில் எந்த மரியாதை உதிர்ந்தது, அதற்கு மற்றவர் முகத்தில் யாது நிகழ்ந்தது என்று பார்த்திருப்போர் குறித்துக்கொள்க. பின்னர் அக்காட்சியையே கீழிருந்து மேலாக நடத்துக. பெண்கள் தம் வீடுகளில் இவ்வேறுபாட்டை நாள்தோறும் கேட்டிருத்தலால் இப்பாடத்தில் ஆண்பிள்ளைகளினும் நுட்பமாகச் செய்வதை யாம் கண்டிருக்கின்றோம்.

நான்காவது, யானைப்பாடம். முடிவை முன்னரே நிறுவிவிட்டு வழியைத் திறந்துவிடுதல். வள்ளியும் வேடனும் தர்க்கிக்கும் காட்சியையே மாணவர்க்குக் கொடுக்கலாம். கதை அவர்களுக்குத் தெரிந்ததே. எட்டு நிமிஷத்தில் யானை வரும் என்று வரையறுத்துவிடுக. இதற்கு ஒருவரை ஹார்மோனியக்காரராக அமர்த்துதல் இன்றியமையாதது. ஸ்பெஷல் நாடகத்தில் அவர் பக்கவாத்தியக்காரர் மாத்திரம் அல்லர். பேச்சு தொய்வதையும், ஒருவர் திகைப்பதையும் உணர்ந்து சுருதி கொடுத்துப் பாட்டுக்குத் தூண்டுபவர் அவர். வகுப்பில் ஹார்மோனியம் இல்லாவிடில் ஜால்ரா போதும். காட்சி தேங்கினால் ஒரு தட்டு. அவ்வொலி கேட்டவுடன் நடிப்போர் பேச்சை அடுத்த படிக்கு நகர்த்தவேண்டும். இவ்வேலையை நன்றாகப் பேசும் மாணவனுக்கே கொடுக்கும்படி யாம் பரிந்துரைப்போம். பேசாமல் ஒரு மணி நேரம் பிறரைக் கவனித்திருத்தல் அவனுக்கு வேண்டிய மருந்து.

அமெரிக்காவில் வயோலா ஸ்போலின் என்னும் அம்மையார் காட்சி நடக்கும்போதே ஓரத்திலிருந்து சிறுசிறு சொற்களால் நடிகரைத் தூண்டும் முறையைக் கையாண்டனர். 1930-களின் இறுதியில் சிக்காகோ நகரத்தில் பல நாட்டினின்றும் குடியேறிய ஏழை மக்களின் பிள்ளைகளோடு பழகி அவர் அமைத்த விளையாட்டுகள் 1963-இல் நூலாக வெளிவந்தன. அவருடைய பிள்ளைகளுக்குப் பொதுவான கதையும் பாட்டும் இல்லை. ஆதலின் விளையாட்டையே பொதுவாக்கினார். நம் பிள்ளைகளுக்கோ வள்ளியும் அரிச்சந்திரனும் நல்லதங்காளும் உண்டு. இத்தாலியில் 16-ஆம் நூற்றாண்டு முதல் விளங்கிய முகமூடி நாடகக்காரர் நிலை நம்முடையதை ஒத்தது. கதைச் சுருக்கம் ஒன்றே எழுதப்பட்டிருக்கும், பேச்சு நடிகருடையது. அத்தகைய சுருக்கங்களைத் தொகுத்து ஃப்ளாமினியோ ஸ்காலா என்பவர் 1611-இல் அச்சிட்டார்.

ஐந்தாவதாக, எழுதிய நாடகத்துக்குத் திரும்புதல். மேல்வகுப்பு மாணவர்க்கு இதுவே முடிவான பயன் என்பது எம் கருத்து. ஒரு நாடகத்தின் காட்சியை அவர்கள் படிக்குமுன், அதன் சட்டகத்தை மட்டும் சொல்லித் தம் சொற்களால் நடிக்கச் செய்க. அடுத்த நாள் ஆசிரியன் எழுதிய பகுதியைக் கொடுத்துப் படிக்கச் செய்க. 1891-இல் வெளிவந்த மனோன்மணீயத்தின் அகவலைக் கண்டு மருளும் மாணவன், அதே சந்தர்ப்பத்தில் தான் முன்னாள் கரிசல் தமிழில் திக்கித்திணறிப் பேசியிருந்தானாயின், புலவன் எங்கே சுருக்கினான், எதனைச் சொல்லாமல் விட்டான் என்று தானே கண்டு வியப்பான். பின்னர் அவ்வகவலை மனப்பாடம் செய்யும்போது அது பிறர் சொல்லாகத் தோன்றாது. சென்னையில் 1891-இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார் போன்றோர் எழுதிய வசனத்தையும் ஒத்திகையையும் வற்புறுத்தியது நியாயமே; அவ்வொழுங்குக்கு இப்பயிற்சி துணையேயன்றி மாறன்று.

கிறிஸ்து பிறப்பு நாடகத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம். சத்திரத்தில் இடமில்லை என்று லூக்கா எழுதினாரேயன்றிச் சத்திரக்காரனை அவர் பேசவைக்கவில்லை. அப்படி ஒருவனைக் குறிப்பிடவுமில்லை. ஆயினும் ஆண்டுதோறும் ஒரு மாணவன் தலைப்பாகையோடு வந்து ‘இடமில்லை’ என்று கதவடைத்துப் போகின்றான். அவனை ஒரு நாழிகை நடிக்கவிடுக. அன்று சத்திரத்தில் தங்கியிருந்தோர் யார்? குடிமதிப்புக்கு வந்த கூட்டத்தில் எவரை எழுப்பி அனுப்பலாம்? நிறைமாதப் பெண்ணைக் கண்டு அவன் மனைவி உள்ளிருந்து யாது சொன்னாள்? இவற்றைப் பேசி நடித்த பின் அச்சிறுவன் விழாவன்று சொல்லும் ‘இடமில்லை’ என்னும் ஒரு சொல் முன்போல் இராது.

இனி மதிப்பிடுதல் பற்றிச் சிறிது. கைதட்டல் இப்பயிற்சிக்குப் பெருங்கேடு. சமயோசிதமாக ஒரு பகடி சொல்லிச் சபையைச் சிரிக்கவைத்தவனே சிறந்தவன் என்று மாணவர் எண்ணிவிடுவர். ஸ்பெஷல் மேடையிலும் இந்நோய் உண்டு. வெல்லவேண்டும் என்னும் முனைப்பில் தர்க்கம் நீண்டு, கதை நின்று, வள்ளி வள்ளியாக இராமல் வழக்கறிஞராகிவிடுவதை இரசிகர்களே குறை கூறுவர். ஆகவே ஒருவனை மதிப்பிடும்போது அவன் எத்தனை நயமாகப் பேசினான் என்று கேளாமல், அவன் பேச்சினால் எதிரிலிருந்தவளுக்கு அடுத்த சொல் எளிதாயிற்றா என்று கேட்க. 2022-23-ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் நடத்தப்பட்டுவரும் கலைத்திருவிழாவால் நாடகத்துக்குப் பள்ளியில் ஓரிடம் கிடைத்திருக்கின்றது. போட்டி என்றவுடன் ஆசிரியரே வசனம் எழுதி, ஆசிரியரே அசைவு கற்பித்து, ஆசிரியரே மாணவர் வாயால் பேசும் பழக்கம் அங்கும் நுழையாமலிருக்கவேண்டும்.

கடைசியாக ஒன்று. இக்கலையில் வல்ல நடிகர்கள் நம் ஊர்களுக்கு ஆண்டுதோறும் வந்து போகின்றனர். ஆயினும் பள்ளியின் வாயிலுக்குள் அவர்களை அழைத்தவர் அரியர். கூத்தாடி என்னும் இழிசொல் இன்னும் முற்றும் மறையவில்லை; ஸ்திரீபார்ட் ஏற்று நடிக்கும் பெண்களைப் பற்றி ஊரார் பேசும் பேச்சை இங்கு எழுதவும் கூசும். விடியும்வரை அவர் பாட்டைக் கேட்டிருந்தவரே விடிந்தபின் அவர்க்குத் திண்ணையில் இடம் கொடுக்கத் தயங்குவர். ஓர் அவைக்கு முன் ஒத்திகையின்றி எட்டு மணி நேரம் பேசவல்ல ஒருவரைவிடத் தகுதியான நாடக ஆசிரியரை எப்பயிற்சிக் கல்லூரியிலிருந்து வரவழைக்கப் போகின்றோம்?

மழைக்கால மாதங்களில் அவர்களுக்கு நாடகம் குறைவு. பள்ளிகளோ அப்போது திறந்திருக்கும். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ ஒரு பிற்பகல் போதும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட் இருவரையும் அழைக்கும்போது ஹார்மோனியக்காரரை விட்டுவிடலாகாது. மேடை அலங்காரம் வேண்டியதில்லை, மரத்தடியே சாலும். முதலில் அவர்கள் ஒரு தர்க்கம் செய்து காட்டட்டும். பின்னர் நம் மாணவி ஒருத்தி வள்ளியாக எழுந்து நின்று, வேடனுக்கு விடை சொல்லட்டும். வழிச்செலவையும் ஓரிரவு நாடகத்துக்கு அவர்கள் பெறும் ஊதியத்தையும் முன்னதாகவே பேசிக் கொடுத்துவிடுக. பொன்னாடையை அதற்கு ஈடாகக் கொள்ளவேண்டா.